பட்டமும் அனுபவமும் சம்பளமும்: பெரம்பலூர், அரியலூரிலிருந்து சென்னைக்கு

படிப்பும் அனுபவமும் ஒருவரது சம்பளத்தை எவ்வளவு உயர்த்தும் என்ற கேள்வி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு போட்டுப் பார்க்கப்படும் கணக்கு. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி விற்ற பணமும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் பணமும் இங்கே கல்லூரிக் கட்டணமாகின்றன. கட்டிய பணம் சென்னையில் ஒரு சம்பளமாகத் திரும்பி வரும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. படிப்புக்கேற்ற வேலை உள்ளூரில் குறைவு என்பதால் அந்த நம்பிக்கை சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையையோ, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளையோதான் நோக்குகிறது. அரியலூர்க்காரர்களுக்கு விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் உண்டு. ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூருக்குத் திருச்சி–சென்னை நெடுஞ்சாலைதான் வழி.

பெரம்பலூர் 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிரந்தரமாகப் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை சுமார் 5.65 லட்சம், அரியலூரின் மக்கள்தொகை சுமார் 7.55 லட்சம். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது பெரம்பலூரில் அது 74, அரியலூரில் 71. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால், 1979-இல் உற்பத்தி தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையைத் தொடர்ந்து தனியார் ஆலைகள் பல வந்தன. பெரம்பலூர்ப் பக்கம் எறையூர் சர்க்கரை ஆலையும் நாரணமங்கலம் டயர் ஆலையும் உள்ளன. இந்த ஆலைகளுக்கு வேண்டியவர்கள் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், லாரி ஓட்டுநர், சுமை தூக்குபவர், ஒப்பந்தத் தொழிலாளர். பட்டதாரிகளுக்கான நாற்காலிகள் அங்கே சிலதான்.

ஆனால் பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள். பெரம்பலூர் நகரைச் சுற்றித் தனியார் பொறியியல், கலை, செவிலியர் கல்லூரிகள் எழுந்தன. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி வந்தது. குரும்பலூர், வேப்பந்தட்டை, ஜெயங்கொண்டம் வரை அரசு கலைக் கல்லூரிகள் பரவின. 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கியது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது எளிதில் வந்த சாதனையன்று. கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குச் சந்தை என்ன விலை தருகிறது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பொருளியலில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கல்வியை மனித மூலதனம் என்று கேரி பெக்கர் 1964-இல் விளக்கினார். ஜேக்கப் மின்சர் 1974-இல் அதைக் கணக்காக்கினார். அவரது சமன்பாட்டில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தை இத்தனை சதவீதம் உயர்த்தும். அனுபவமும் உயர்த்தும், ஆனால் முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும். பல நாடுகளின் கணக்குகளைத் தொகுத்தவர்கள், ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சராசரியாக 9 சதவீதம் பலன் கிடைப்பதாகக் கண்டார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேறொரு கோணத்தில் பார்த்தார். பட்டம் திறமையை வளர்க்காவிட்டாலும், இவர் தேறக்கூடியவர் என்று முதலாளிக்குச் சொல்லும் அடையாளமாக அது இருந்தால் போதும், அதற்கும் விலை உண்டு என்றார். இந்த இரு விளக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரம்பலூர் மாணவரை நேரடியாகத் தொடுகிறது. பட்டம் அடையாளம் மட்டுமே என்றால், எல்லோரிடமும் அது இருக்கும் காலத்தில் அதன் விலை இறங்கியே தீரும். அப்போது எந்தக் கல்லூரிப் பட்டம் என்பதைத்தான் முதலாளி பார்ப்பார்.

இந்தியத் தரவுகளில் இதை ஆராய்ந்தவர்களுள் பொருளியலாளர் பி. துரைசாமி முக்கியமானவர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1983 முதல் 1994 வரையிலான மாற்றங்களைப் பற்றி 2002-இல் வெளியான அவரது கட்டுரை, தொழில்நுட்ப டிப்ளமோவுக்கும் சான்றிதழுக்கும் ஆண்டுக்கணக்கில் கிடைக்கும் பலன் கல்லூரிப் பட்டத்தின் பலனைவிட அதிகம் என்று காட்டியது. மூன்றாண்டு பாலிடெக்னிக்கை நான்காண்டு பொறியியலுக்குக் கீழான படியாகவே கருதும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். பெண்களுக்கு உயர்நிலைக் கல்வியின் பலனும் கல்லூரிக் கல்வியின் பலனும் அந்தப் பத்தாண்டில் கூடின என்பதும் அதே ஆய்வின் முடிவு. இன்றைய நிலையை அந்தப் பழைய எண்களால் அளக்க முடியாது. ஆனால் படிப்பின் நீளம் சம்பளத்தின் உயரமாகிவிடாது என்பதை அது அப்போதே நிறுவிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஐடி அலை. 2000-இல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, எந்தப் பிரிவில் பொறியியல் படித்திருந்தாலும் மென்பொருள் வேலை என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. பெரம்பலூர், அரியலூர் குடும்பங்கள் பொறியியலை நம்பியதற்கு அந்த ஆண்டுகளே காரணம். பெரிய சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எடுக்கும் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளமோ பத்தாண்டுகளுக்கும் மேலாக மூன்றிலிருந்து நான்கு லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2024-இல் 190-ஐத் தாண்டியது. எண்ணளவில் மாறாத அந்தச் சம்பளத்தின் வாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று பொருள். அண்ணன் 2012-இல் வாங்கிய அதே பட்டத்தைத் தம்பி 2024-இல் வாங்கினால், தம்பிக்குக் கிடைக்கும் விலை பாதி.

அந்தச் சம்பளத்தின் உள்விவரத்தையும் பார்த்துவிட வேண்டும். ஆஃபர் லெட்டரில் 3.6 லட்சம் என்றிருந்தால் மாதம் 30,000 என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். அந்த 30,000-க்குள் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம், பல இடங்களில் ஆண்டு முடிவில் மட்டும் வரும் வேரியபிள் பே எல்லாம் அடங்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் அதில் 12 சதவீதமான 1,800 ரூபாய் நிறுவனத்தின் பங்காகவும், இன்னொரு 1,800 ஊழியரின் பங்காகவும் பி.எஃப். கணக்குக்குப் போகும். கிராஜுவிட்டிக்கு 700 ரூபாய்க்குச் சற்று மேல், தொழில்வரி தனி. மீதி வங்கிக்கு வரும்போது 25,000-ஐ ஒட்டியே நிற்கும், வேரியபிள் பே அதிகமிருந்தால் இன்னும் இறங்கும். சோழிங்கநல்லூர்ப் பக்கம் பி.ஜி. விடுதியில் பகிர்ந்து தங்கிச் சாப்பிட ஏழெட்டாயிரம். படிப்பு முடிந்து ஓராண்டில் கல்விக் கடன் தவணை தொடங்கும். நான்கு லட்ச ரூபாய்க் கடனைப் பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 5,400 வேண்டும். போக்குவரத்தும் போனும் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது சில ஆயிரங்கள்.

தொடக்கச் சம்பளம் இப்படி உறைந்து கிடப்பதால், பட்டத்தின் முழுப் பலனும் பின்வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிப்போய்விட்டது. ஐடியில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறுபவரே பெரிய ஹைக் பெறுகிறார். இருந்த இடத்திலேயே இருப்பவருக்கு ஆண்டு உயர்வு ஒற்றை இலக்கச் சதவீதத்தில் கிடைப்பதே வழக்கம். அந்த மாற்றத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. புதிய நிறுவனம் கேட்பது வெறும் எக்ஸ்பீரியன்ஸ் அன்று, ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ். மூன்று ஆண்டும் கோட் எழுதியவருக்கும், அதே மூன்று ஆண்டைப் புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சிலும் இரவுநேர சப்போர்ட்டிலும் கழித்தவருக்கும் ரெஸ்யூமேயில் ஆண்டுக்கணக்கு ஒன்றுதான். நேர்முகத்தில் விலை வேறு. யார் எந்தப் புராஜெக்டில் விழுவார் என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர் முடிவு செய்வதில்லை. ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுபவரும், நிறுவனத்துக்குள் முன்னமே ஆள் தெரிந்தவரும் நல்ல புராஜெக்டைக் கேட்டு வாங்குகிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரிய ஓராண்டு பிடிக்கிறது.

வளாகத் தேர்வே நடக்காத கல்லூரிகளில் முடித்தவர்களின் கதை இன்னும் கடினமானது. மெக்கானிக்கல் பி.இ., டிப்ளமோ, ஐ.டி.ஐ. மூன்றும் ஒரகடத்தில் ஒரே அசெம்பிளி லைனில் நிற்பது வழக்கமான காட்சி. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு 7,000 ரூபாய் என்று வைத்தன. அரசே விலை குறித்த இந்தப் பட்டியலில் நான்காண்டுப் பொறியியலுக்கும் ஐ.டி.ஐ.க்கும் இடையிலான வித்தியாசம் மாதம் 2,000 ரூபாய். பழகுநர் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. 2013-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் கொண்டுவந்த நீம் என்ற பயிற்சித் திட்டமும் இதே பாதையில் ஆள் எடுக்க உதவியது. பின்னர் அது நிறுத்தப்பட்டது.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தின்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளியைக் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் பயிற்சியாளர், பழகுநர், கான்ட்ராக்டர் வழி வந்தவர் என்று பெயர் மாற்றி, அந்த நாள் எண்ணிக்கை நிறையுமுன் ஆளை மாற்றும் பழக்கம் ஆலைகளில் வேரூன்றிவிட்டது. விளைவாக ஓர் இளைஞர் ஒரு தொழிற்சாலையில் 14 மாதம், அடுத்ததில் 11 மாதம், இன்னொன்றில் ஓராண்டு என்று ஐந்தாண்டு உழைத்தாலும் ஒவ்வொரு வாசலிலும் ஃப்ரெஷராகவே நுழைகிறார். மின்சரின் சமன்பாடு அனுபவத்தை ஆண்டுகளாக எண்ணுகிறது. ஒரகடத்தின் வாசல் அதை எண்ண மறுக்கிறது. கையில் தொழில் உண்டு, காகிதத்தில் இல்லை. முப்பது வயதுக்கு முன்பே பலர் ஊர் திரும்பி ஜே.சி.பி. ஓட்டுவதற்கும் ஆன்லைன் டெலிவரிக்குப் போவதற்கும் இதுவே காரணம்.

இதனாலேயே அரசு வேலையின் மேல் அத்தனை ஈர்ப்பு. 2024 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி போதுமான இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்குப் பொறியியல் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் பெரம்பலூர், அரியலூர் நூலகங்களில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து படிக்கிறார்கள். 19,500 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்கினாலும் அகவிலைப்படியும் ஆண்டுக்கு 3 சதவீத உயர்வும் உறுதி. அங்கே அனுபவத்துக்கு யாரிடமும் பேரம் பேசத் தேவையில்லை. ஆண்டு நிறைந்தால் உயர்வு தானே வரும். ஆனால் தயாரிப்பில் கழியும் நான்கைந்து ஆண்டுகளுக்கு எந்தத் தனியார் நிறுவனமும் விலை தருவதில்லை. தேர்வில் வெல்லாத பெரும்பாலானோர் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் அனுபவமே இல்லாத பட்டதாரியாகச் சென்னைக்கு வருகிறார்கள்.

அரசுத் துறைக்குள்ளேயும் பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் ஒரே விலை இருப்பதில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணியாற்றுகிறார்கள். முனைவர் பட்டமோ, நெட், செட் தேர்ச்சியோ பெற்றுப் பத்துப் பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களது தொகுப்பூதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700; அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டிய 2024-இல் அவ்விரண்டும் சேர்ந்தே 86,000-ஐத் தாண்டின. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று சொன்னது. இடைநிலை ஆசிரியர்களின் நிலை இன்னும் கொடியது. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவர்களின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 என்றும் வைக்கப்பட்டது. ஒரே பட்டயம், ஒரே பணி, ஒரு நாள் இடைவெளி, அடிப்படையிலேயே 3,170 ரூபாய் வித்தியாசம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் போராடி வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது.

கடல் கடந்தால் கணக்கு வேறாகிறது. அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் பகுதிகளிலிருந்து ஸ்கில் டெஸ்ட் அடித்துச் சிங்கப்பூர் கட்டுமானத் துறைக்குப் போகிறவர்களுக்குப் பட்டம் தேவையில்லை. வெல்டிங், பைப் ஃபிட்டிங் சான்றிதழ்தான் கேட்கிறார்கள். அங்கே அனுபவத்துக்கு அரசே விலை வைத்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி கட்ட வேண்டிய மாதத் தீர்வை உயர்திறன் தொழிலாளிக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறனுள்ளவருக்கு 900 வெள்ளி. திறன் தரம் உயர்ந்த ஆளை வைத்துக்கொள்வதில் முதலாளிக்கே லாபம் இருப்பதால் தொழிலாளியின் பேரம் கூடுகிறது. பட்டதாரிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் 2023 செப்டம்பர் முதல் புள்ளி முறை வந்தது: தரவரிசையில் உயர்ந்த கல்வி நிறுவனப் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்றப் பட்டத்துக்கு 10. கல்லூரியின் பெயருக்கு விலை உண்டு என்பதைச் சென்னை மறைமுகமாகச் சொல்கிறது. சிங்கப்பூர் எழுதியே வைத்துவிட்டது.

பட்டமும் அனுபவமும் சமமாக இருந்தாலும் சம்பளம் சமமாவதில்லை என்பதற்கும் ஆதாரங்கள் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பி நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருடன் ஒப்பிட தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை. ஆனால் நேர்முகத்தில் ஊர், தெரு, அப்பாவின் தொழில் என்று குடும்பப் பின்னணியை விசாரிப்பது இங்கும் உண்டு. 2011 கணக்கின்படி பெரம்பலூர் மக்களில் 31 சதவீதம் பட்டியல் சாதியினர். மாவட்டத்தின் பட்டதாரிக் கணக்கை இதை விட்டுவிட்டுப் பார்க்க முடியாது. பெண்களுக்கோ அனுபவ ஆண்டுகளே அறுந்துபோகின்றன. ஐடியில் சம்பளம் ஏறத் தொடங்கும் மூன்றாம், நான்காம் ஆண்டுதான் ஊரில் வரன் பார்க்கும் ஆண்டும். குழந்தை பிறந்து இரண்டாண்டு கழித்துத் திரும்புபவரிடம் நிறுவனம் முதலில் கேட்பது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

இப்போது ஊர்ப்பக்கமே ஆலைகள் வருகின்றன. எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்துவிட்டது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் ஆயிரம் கோடி ரூபாய்க் காலணித் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 வேலைகள் என்பது அறிவிப்பு. பெண்களை அதிகம் எடுக்கும் துறை இது. வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒருவருக்கு விடுதி வாடகை மிச்சம் என்பதால், சென்னையில் 25,000 வாங்குபவரைவிட இங்கே 15,000 வாங்குபவர் கையில் அதிகம் மிஞ்சக்கூடும். முதல் இரண்டாண்டுக்கு அது உண்மை. அதன்பின் தையல் லைனில் சம்பளம் எங்கே போய் நிற்கும், பட்டம் படித்த பெண் சூப்பர்வைசர், தரக்கட்டுப்பாடு, மனிதவளம் என்று ஏற முடியுமா என்பதைப் பொறுத்தே இந்த ஆலைகள் பட்டதாரிகளுக்கு ஆறுதலா, கூலி வேலையின் புதுப்பெயரா என்று தீர்மானமாகும்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் விளம்பரப் பலகையில் உள்ள அதிகபட்சப் பேக்கேஜைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூன்றாண்டுக்கு முன் முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று நிறுவனத்தின் நேரடிப் பேரோலில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள், கையில் வருவது எவ்வளவு என்று கேட்க வேண்டும். பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அந்த அமைப்பு ஒரே நிரந்தர எண் தருவதால் இந்தத் தகவலை, எவர் பெயரும் வெளியே தெரியாமல், கல்லூரி வாரியாகத் திரட்ட முடியும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை தரும் அரசு, அந்தச் சலுகையைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று உத்தரவிட வேண்டும்.